நைனாவின் நம்பர்

நைனா போன பிறகு ஆர்.கே.பேட்டை பக்கத்தில் இருந்த நிலம் தம்பி பேருக்கு ஆனது. திருத்தணி வீடு அம்மா பேருக்கு ஆனது. எனக்கு ஒரு பட்டன் போன் வந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். குறையாகத்தான் சொல்கிறேன். நிலத்தைத் தம்பி வந்து பார்த்ததே இல்லை, குத்தகைக்கு விட்டிருக்கிறோம், அது பாட்டுக்கு விளைகிறது. என் பங்குக்கு வந்ததைத்தான் நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போன் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. எண்கள் தேய்ந்துபோய், பின்மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டிருக்கும். விஷயம் உள்ளே இருந்த சிம்மில். தம்பி காலேஜ் படித்தபோது நைனா தன்னுடைய அடையாள அட்டையைக் காட்டி அவனுக்கு வாங்கிக்கொடுத்த சிம் அது. அந்த வயதில் இங்கே ஒரு வங்கிக் கிளையில் கணக்கு ஆரம்பித்தான், படிவத்தில் அந்த நம்பரை எழுதினான். பிறகு வேலை கிடைத்து, வருஷத்தில் பாதி பனி கொட்டுகிற ஒரு நாட்டுக்குப் போனான். சிம்மை நைனாவிடம் விட்டுவிட்டுப் போனான். நைனா அதைத் தன் பட்டன் போனில் போட்டுக்கொண்டார். நாளடைவில் ஊரில் எல்லோருக்கும் அது நைனாவின் நம்பர் என்றாகிவிட்டது. வங்கிக்கு மட்டும் அது தம்பியின் நம்பர்.

அவன் அங்கிருந்து கணக்கைத் திறக்க வேண்டுமென்றால் இந்த நம்பருக்கு ஓடிபி வரும். அந்த ஆறு எண்களை யாராவது படித்துச் சொன்னால்தான் கதவு திறக்கும். நைனா இருந்தவரை அவர் சொன்னார். கண்ணாடியைத் தேடி மாட்டி, எண்களைத் தெலுங்கில் உரக்கப் படிப்பார். தெலுங்குப் பள்ளியில் படித்தவர், கணக்கென்று வந்தால் அவருக்குத் தெலுங்குதான். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிக்காரன் கதறுவான், எங்கள் தெருவுக்கே தெரிந்த ஓடிபி அது.

நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. கிளைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். வர முடியாதவர்கள் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பலாம் என்றார்கள், அனுப்பினான். கணக்கு ஆரம்பித்த காலத்தில் போட்ட கையெழுத்தோடு இப்போதைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மீசை முளைத்த வயதில் போட்ட கையெழுத்து யாருக்குத்தான் கைவசம் இருக்கும். சரி, நேரில் வரலாமென்றால் அவனுடைய தங்கும் அனுமதி புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. நைனாவின் சாவுக்கே அவன் வரவில்லை. என் போனில் பார்த்தான். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் நைனாவுக்குக் கடைசியாக வாய்க்கரிசி போடும்போதுகூட எனக்கு ஒரு கை மட்டும்தான் மிச்சமிருந்தது.

இன்னொரு சங்கதி. சிம் தொலைந்தாலோ உடைந்தாலோ வேறு வாங்க முடியாது. யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும். அவரைச் சரவணப் பொய்கைப் பக்கம் கரைத்தாயிற்று. செத்துப்போனார் என்று நாங்கள் போன் கம்பெனிக்குச் சொல்லவும் இல்லை, சொன்னால் நம்பரை முடக்கிவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை நைனா மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். சிம் பழைய காலத்துப் பெரிய சிம். வெட்டிச் சின்னதாக்கி உன் போனில் போட்டுக்கொள்ளேன் என்று பலர் சொன்னார்கள். வெட்டும்போது விரிசல் விட்டால் என்ன செய்வது என்று தம்பி பயந்தான். அதனால் பட்டன் போனும் ரப்பர் பேண்டுமாகவே அது கிடந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலை. டவர் மலைக்கு அந்தப் பக்கம். அந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் வராது, மாடிப்படியில் பாதி ஏறி நின்றால்தான் ஓடிபி வந்து சேரும். அவனுக்கு ஒழிவது மதிய இடைவேளை ஒன்றுதான், அது எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். முதலில் என் போனில் கூப்பிடுவான். "அக்கா, வருது பாரு." நான் படியில் போய் நிற்பேன். அனுப்பிய ஓடிபி சில நிமிஷம்தான் உயிரோடிருக்கும், அதற்குள் படிக்க வேண்டும். என்றைக்குத் தேவைப்படும் என்று அவனுக்கே தெரியாது. அதனால் எல்லா நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. கல்யாண ரிசப்ஷன், சினிமா, சந்தை எல்லாம் போனது. ஒரு ஆடிக் கிருத்திகையில் ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்தது, அத்தனை பேர் போனும் ஒன்றாகச் சேர்ந்து டவர் திணறிவிட்டது. ஓடிபி செத்த பிறகு வந்தது, மறுபடி கேட்டான், அதுவும் செத்து வந்தது. கடைசியில் கணக்கையே சில நாளைக்குப் பூட்டிவிட்டார்கள். அரோகரா சத்தத்துக்கு நடுவில் அவன் போனில் அழுதான். சேர்த்த காசு முழுதும் அந்தக் கணக்கில் வைத்திருப்பவன், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் எரிச்சல் வந்தது.

அம்மாவிடம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் யாரோ வங்கியிலிருந்து பேசுவதாகக் கூப்பிட்டு, அம்மா நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா என்று விசாரித்திருக்கிறான். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கேட்பதில்லை என்று அம்மா உருகிப்போய், வந்த எண்ணைப் பதமாகப் படித்துச் சொல்லியிருக்கிறாள். கணக்கு அப்போது பூட்டிக் கிடந்ததால் தப்பித்தோம். என் கணவர், அத்தை மகன், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் எனக்குப் பாவாதான், லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ஆந்திராவில் ஏதாவது ஒரு மலைப்பாதையில் இருப்பார். வேறு யாரிடமும் போனைக் கொடுக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. ஆக, நான்.

வேதியியல் படித்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் ஒரு லேபில் வேலை செய்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தர ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன், நேர்காணலுக்குப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி பஸ் திருத்தணி ஸ்டேஷன் ரோட்டிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, எனக்கென்று ஒரு மேஜை. ஒரே ஒரு சங்கடம். கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து கொடுப்பார்கள். அதற்குள் இங்கே விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிடும்.

முதல் தடவை கம்பெனியில் சேரச் சொன்னபோது தம்பிக்காகத் தள்ளிப்போட்டேன். அவனுடைய அனுமதி வந்துவிடும், வந்ததும் ஊருக்கு வந்து நம்பரை மாற்றிவிடுகிறேன் என்றான். வரவில்லை. இரண்டாவது தடவை கம்பெனியில் இருந்த பெண் மரியாதையாகவே சொன்னாள், இதற்கு மேல் காத்திருக்க முடியாதுங்க, வருகிற திங்கட்கிழமை சேர்ந்தால் சேருங்கள், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம். நான் தம்பியிடம் திங்கட்கிழமை போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் அவனுடைய வங்கி விவரங்களைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமும் அடுத்த வாரமும் எப்போது வேண்டுமானாலும் கணக்கைத் திறந்து எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்க முடியாவிட்டால் அவனும் அவன் பெண்டாட்டியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஒரு மாசம், அக்கா. ஒரே ஒரு மாசம்" என்றான். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை நைனாவின் வருஷ தெவசம். தம்பி இல்லாததால் பங்காளி முறையில் ஒரு அண்ணன் வந்து பொய்கைக் கரையில் காரியம் செய்தார். ஐயர் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர், நைனாவுக்குப் பழக்கம். போனவருக்கு என்று குடை, செருப்பு, வேட்டி, சொம்பு, டார்ச் லைட்டெல்லாம் தானமாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புதிதாகவும் வாங்கிக் கொடுப்பார்கள், அவர் புழங்கியதையும் கொடுப்பார்கள். போகிற வழியில் அவருக்கு உதவும் என்று நம்பிக்கை. பையை அம்மா தன் கையாலேயே அடுக்கினாள். நான் வீட்டில் வடை தட்டிக்கொண்டும், காக்கைக்குச் சோறு வைத்து அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன். காக்கை சீக்கிரமே வந்தது. ஐயர் பையை டிவிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு அடுத்த காரியத்துக்கு அம்மையார்குப்பம் போகிறேன் என்று கிளம்பினார்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள், இன்றைக்குச் சாயங்காலமே அனுப்ப வேண்டும், ரெடியாக இரு. மாடத்தில் பட்டன் போன் இல்லை. அலமாரியில் இல்லை. மாடிப்படியில் இல்லை. அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஐயருக்குக் குடுத்துட்டேன்" என்றாள், தலை நிமிராமல். "அவரு பொருள் தானே அது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இது நைனாவின் செருப்பு இல்லை, இதை வைத்துத்தான் உன் மகன் அங்கே நிற்கிறான் என்று கத்தினேன். அம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐயருக்குப் போன் போடலாமென்றால் அவர் நம்பர் நைனாவின் போனில்தான் இருக்கிறது. அந்தப் போனுக்கே அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் பிடித்தேன். காரியத்துக்குக் கட்டிய புடவையோடு, கையில் காய்ந்த வடை மாவோடு போயிருக்கிறேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் என் திரையில் நைனா என்று வந்தது. அவருடைய போட்டோவும் வந்தது, தம்பி அனுப்பிய ஸ்வெட்டரை வெயிலில் போட்டுக்கொண்டு சிரிக்கிற போட்டோ. பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அம்மையார்குப்பம் எல்லையில் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. இந்தச் சத்தத்தில் ஐயருக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் இன்னொரு தடவை அடித்தேன். எடுத்தார்கள்.

"அலோ" என்றது ஒரு வயதான ஆண் குரல்.

ஒரு வருஷமாக அந்த நம்பரிலிருந்து ஆண் குரல் கேட்டதில்லை. ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நொடி, வந்த வேலை, தம்பி, திங்கட்கிழமை எல்லாம் மறந்துபோனது. "நைனா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமும் தறிச் சத்தம் கேட்டது. பிறகு ஐயர், யாரும்மா பேசறது என்று கேட்டார்.

வழி கேட்டுக்கொண்டு போனேன், அவர் ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பையிலிருந்து போனை எடுத்தார், எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தானமா குடுத்தத திருப்பி வாங்கக்கூடாதும்மா. குடுத்தவங்களுக்கும் ஆவாது, போனவருக்கும் போயி சேராது."

"அது தெரியுங்க சாமி. ஆனா அந்த நம்பரு இல்லன்னா என் தம்பி அங்க தெருவுலதாங்க நிக்கணும்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். சாஸ்திரத்தில் சிம்முக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுகிறாரோ என்று எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றினார், மூடியைத் திறந்தார், பேட்டரியை எடுத்தார், நகத்தால் சிம்மை நெம்பினார். பொருள் வேறு, நம்பர் வேறு, அம்மா கொடுத்தது பொருளைத்தான், நம்பர் தானத்தில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். வெற்றிலை ஒன்றைக் கிள்ளி அதில் சிம்மை மடித்து என் கையில் வைத்தார். பட்டன் போன் நைனாவோடு போகட்டும் என்று அவர் பைக்கே திரும்பியது. நான் வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. முடிச்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கம்பியில் சாய்ந்து நின்றேன். விரிசல் விட்டால் போச்சு, நனைந்தால் போச்சு என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. திருத்தணி பஜாரில் இறங்கி, ஒரு கடையில் பழைய பட்டன் போன் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சிம்மைப் போட்டு ஆன் செய்தார். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கு ஏற்றிவிட்டிருந்தாள். கூடத்தில் என்னுடைய பழைய ஹேண்ட்பேக்கைத் துடைத்து வைத்திருந்தாள். பக்கத்தில் புது டிபன் பாக்ஸ், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காதது. கம்பெனியிலிருந்து வந்த ஆர்டரையும் மடித்து அந்தப் பையின் பக்க ஜிப்பில் செருகியிருந்தாள். தெவசத்துக்கு முன்தினம் சாமான் வாங்க பஜாருக்குப் போனவள் டிபன் பாக்ஸையும் சேர்த்து வாங்கியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போன் எப்படியோ தவறிப் பைக்குள் போய்விட்டது என்று வழியெல்லாம் அவளுக்காக ஒரு சமாதானம் கட்டி வைத்திருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

என் கையில் இருந்த போனை அம்மா பார்த்தாள்.

"வாங்கினு வந்துட்டியா" என்றாள்.

"ஆங்."

"அவரு போயி ஒரு வருஷம் ஆயிடுச்சு. அவரு நம்பரு உன்ன கட்டிப்போட்டுகினு கீதே, போவட்டும்னுதான் குடுத்தேன். அவன் ஆம்பள, எப்படியாச்சும் சமாளிச்சிப்பான். நான் உன்ன அவுத்து உட்டேன்டி. நீயே ஓடிப்போயி கவுத்த எடுத்துகினு வந்து நிக்கற."

அம்மா மீது எரிந்து விழுந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கு நேரமில்லை. என் போன் அடித்தது, தம்பி. நான் மாடிப்படிக்குப் போனேன். மலைமேல் விளக்குகள் போட்டுவிட்டார்கள். தெவசம் நல்லபடியா ஆச்சா அக்கா என்று கேட்டான், காக்கா சாப்பிட்டதா என்று கேட்டான். ஆச்சு, சாப்பிட்டது என்றேன். அப்புறம், வருது பாரு என்றான். வந்தது. ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். என்னை அறியாமல் தெலுங்கில் படித்துக்கொண்டிருந்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை, முதல் தடவையிலேயே திறந்துவிட்டது.

"நைனா சொல்ற மாரியே சொல்ற அக்கா" என்றான். அங்கே அழுகிறான் என்று தெரிந்தது. இங்கே நானும் அழுதேன், ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக அழவில்லை.

அவனுடைய அனுமதி இன்னும் முழுசாக வரவில்லை. அலுவலகத்தில் அப்போதைக்கு நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த சுற்றுக் காகிதங்கள் கேட்கிறார்கள். டிபன் பாக்ஸின் ஸ்டிக்கரை யாரும் கிழிக்கவில்லை, அம்மா அதைப் பரணில் வைத்துவிட்டாள். அந்தத் திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் ஸ்டேஷன் ரோட்டில் திரும்பி நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. கீழே அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் அங்கேதான் வரும்.